வெளிநாடு போன வேன்காரர்

தையல்காரிக்கு வாய்ச் சாமர்த்தியம் அதிகம்; அதுவே அவளுக்கு வினையாக முடிந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் அவள் கணவரான வேன்காரரைப் போலீஸ் பிடித்துப் போனது. வாடகைக்கு ஏற்றிய மூட்டைகளில் இருந்தது திருட்டுச் சரக்கு என்று அந்த மனிதருக்கு எங்கே தெரியும்? விசாரணை இன்னும் தொடங்கவில்லை, ஆள் மட்டும் உள்ளே. தெருவில் யாரும் வாய் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்: அவருக்கு வெளிநாட்டில் டிரைவர் வேலை, நல்ல கம்பெனி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அந்தக் கடைசி விஷயம் மட்டும் சத்தியம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக நீதிமன்றத்தின் பின்கட்டில் சட்ட உதவி மையம் ஒன்று இருந்தது. இரண்டு மேஜை, ஆடுகிற நாற்காலிகள், கூரை வரைக்கும் கோப்புகள். அங்கிருந்த வக்கீலம்மா ஜாமீன் மனு எழுதினார். வேன்காரர் ஓடிப்போகிற ஆளில்லை, இந்தத் தெருவிலேயே குடியிருப்பவர் என்று காட்டவேண்டும். அதற்காக அக்கம்பக்கத்தில் விசாரித்துவர ஓர் ஆளை அனுப்பினார். குடும்ப மானம் போய்விடக் கூடாதே என்று, ஜெயில் பேச்சையே எடுக்காதே என்றும் சொல்லி அனுப்பினார். நல்லது செய்யப் போனால் இப்படித்தான்.

மனு நீதிபதி முன் வருவதற்கு முதல்நாள் காலை, வக்கீலம்மா தையல்காரியை உட்காரவைத்து அந்த ஆள் எழுதிவந்த அறிக்கையைக் காட்டினார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பெரும்பாடு.

“உங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காராம், மாடிவீட்டு அக்கா சொல்றாங்க. இஸ்திரிக்காரர் ஒருபடி மேல. அங்கேயே தங்கிடுவார், இனி இந்தப் பக்கமே வரமாட்டார்ங்கிறார். இதை நீதிபதிகிட்ட எப்படிம்மா கொடுக்கிறது?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் ஐந்து மாதமாக விடாமல் கத்தியிருக்கிறாளே!

தெருக்காரர் மூன்று பேராவது உண்மையை எழுதி மாலைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகும், மறுபடி போட்டு முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்றார் வக்கீலம்மா. மானமா, மனுஷனா என்று தையல்காரி பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இறங்கும்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாடிவீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தையல்காரி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“தெரியும்,” என்றாள் அக்கா. “போலீஸ் வண்டி என் ஜன்னலுக்குக் கீழதானே நின்னுச்சு.”

“அப்புறம் ஏன்க்கா அந்த ஆள்கிட்ட வெளிநாடுன்னு சொன்னீங்க?”

“நீதானே அப்படிச் சொல்லி வச்சிருந்தே. முன்னபின்ன தெரியாத ஒருத்தன் வந்து கேட்டா உன்னை விட்டுக்கொடுப்போமா?”

இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்தார். ஆள் துருவித் துருவிக் கேட்டானாம். அதனால்தான் வேன்காரரைத் திரும்பி வராதபடியே அனுப்பிவைத்தாராம்.

அக்கா கிளிப்பைக் கீழே வைத்தாள். “மத்தியானம் உன் மிஷின் ஓடும், மறுநாள் பார்த்தா ஒரு ஜாக்கெட்கூட முடிஞ்சிருக்காது. அழுகைச் சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு ஓட்டுறேன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லாம நான் எப்படிடி கதவைத் தட்டுறது?”

தையல்காரியால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. அக்காவின் ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐந்து மாதத்துக்கும் சேர்த்துச் சத்தம்போட்டே அழுதாள்.

மூன்று கையெழுத்து கேட்ட இடத்தில் பதினொன்று விழுந்தது. மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அதற்கடுத்த நாள் வேன்காரர் ஒரு பையோடு சிறை வாசலுக்கு வந்தார். மனைவிக்குப் பின்னால் பாதித் தெருவே நிற்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். இஸ்திரிக்காரர் முன்னால் போய்ப் பையை வாங்கினார்.

“நட மாப்ள,” என்றார், “வீட்டுக்குப் போலாம்.”