வேறொரு தாடிக்குக் கைதட்டல்

மேடையில் முப்பத்திரண்டு தாடிகள். எண்ணிப் பார்த்துவிட்டேன். அதில் ஒன்று என் கணவருடையது. எது என்றுதான் தெரியவில்லை.

"அவரு எங்க பாப்பா?" அப்பா என் முழங்கையை இடித்தார்.

"இருங்கப்பா, தேடுறேன்."

"ஏழு வருஷம் குடும்பம் நடத்தினவரைத் தேடுறியா?"

பின்வரிசைப் பெண்மணி "உஷ்" என்றார். அந்தப் பிற்பகலில் அவர் எங்களை அதட்டியது அதுதான் முதல் தடவை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் இன்சூரன்ஸ் அலுவலக வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்ததிலிருந்து, இரண்டு வருடமாக அப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் நூலகத்துக்கு அழைத்து வரச் சொல்வார். வழியில் மாப்பிள்ளை எதிர்ப்பட்டால்கூட நேராகப் பேசமாட்டார். "அவர்கிட்ட சொல்லு பாப்பா, சட்டைல காபி சிந்தியிருக்கு." என் கணவர் காதில் விழும், ஆனாலும் நான் சொல்ல வேண்டும்.

இந்த நாடகம் பெரிய அரங்கில் நடக்கிறது என்றதும் கெஞ்சிக் கூத்தாடி அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"வர்றேன். ஆளு உருப்படியா ஏதோ செய்றார்னு தெரிஞ்சா நேரா உங்க வீட்டுக்கே வந்து காபி குடிக்கிறேன். இல்லேன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது."

இரண்டரை மணி நேரம். அதற்குள் தீர்ப்பு.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ரஷ்ய நாவல் அது. கல்லூரியில் பாதி படித்து, மீதியைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறேன். இவர்கள் அதைப் பாட்டு நாடகமாகச் சுருக்கியிருந்தார்கள். பட்டாளக் கோட்டுக்குக் கீழே கான்வாஸ் ஷூ. இளவரசி பாதிக் காதலைப் பாட்டாகவும் மீதிக் காதலை ராப்பாகவும் சொன்னாள். மேடை நடுவில் ஒரு வட்டத் தரை சுழன்றுகொண்டே இருந்தது. அப்பாவுக்குக் கதையைவிட அந்தத் தரையைத்தான் பிடித்திருந்தது.

"மோட்டார் சத்தமே இல்ல பாரு. நல்ல பேரிங்."

"உஷ்."

"ஒரே ஆளை மூணு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களே, எவன் எவன்னு எப்படித் தெரியும்?"

"ரஷ்யாக்காரங்க அப்படித்தாம்ப்பா."

"உஷ்!"

பிறகு பனி கொட்டும் போர்க்களம் வந்தது. குண்டடிபட்ட ஓர் இளம் அதிகாரி, தன் பட்டாளம் தன்னை விட்டுவிட்டு நடப்பதைப் பார்த்தபடி பாடத் தொடங்கினான். கிடார் நின்றது. டிரம்ஸ் நின்றது. குரல் மட்டும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாப்பா, இது நம்ம மாப்பிள்ளைதானே?"

மாப்பிள்ளை. இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதே இல்லை.

உயரம் அதே உயரம். தொப்பி, தாடி, அதே கோட்டு. ஆனால் என் கணவர் குளியலறையில் பாடிக் கேட்டிருக்கிறேன். நிச்சயமாக இந்தக் குரல் இல்லை.

"அப்பா, அது வந்து..."

"உஷ்!"

நான் திரும்பி அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்பதற்குள் அதிகாரி செத்துவிட்டான். அப்பா தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். எட்டு சிப்பாய்கள் வந்து உடலைத் தோளில் ஏற்றிச் சுழலும் தரையில் நடந்தார்கள். இடது கால் பக்கம் தாங்கியவர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடந்தார். அந்த நடைக்கு எங்கள் வீட்டில் செருப்பு எப்போதும் ஒரு பக்கம்தான் தேயும்.

கண்டுபிடித்துவிட்டேன். யாரிடம் சொல்வது?

இடைவேளையில் காபிக்கு நின்ற வரிசையில், முன்பின் தெரியாத ஒரு கண்ணாடிக்காரரிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "செத்துப் போனாரே அந்த ஆபீசர், அவர் நம்ம வீட்டு மாப்பிள்ளை."

கண்ணாடிக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் ஒரு வணக்கம் கிடைத்தது. நான் இரண்டு காகிதக் கோப்பைகளை ஏந்தியபடி நின்றேன். வாய் வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் பாதி அதைவிடக் கொடுமை. என் கணவர் மூன்று முறை வந்தார். மெழுகுவர்த்தி ஏந்தி ஒரு முறை, விருந்தில் ஆடுபவராக ஒரு முறை, கடைசியில் தாடியே இல்லாமல், முழு முகமும் வெளிச்சத்தில் தெரிய, இளவரசியின் வண்டிக்காரராக.

"அப்பா, அங்க பாருங்க, அங்க!"

"நம்மாளுதான் செத்தாச்சே. இனிமே என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வண்டிக்காரர் மேடையை விட்டுப் போகும்போது லேசான குறட்டை கேட்டது. இந்த முறை உஷ் சொன்னது நான்தான்.

நடிகர்கள் வெளியே வரும் பக்கவாட்டுக் கதவருகே காத்திருந்தோம். கன்னத்தில் தாடி ஒட்டிய பசை திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்க, என் கணவர் வந்தார். அப்பாவைப் பார்த்ததும் தயங்கினார்.

"பாப்பா, அவர்கிட்ட சொல்லு," என்றார் அப்பா. "அந்தப் பனிப் பாட்டு என்னை உலுக்கிடுச்சுன்னு சொல்லு. தப்பா நினைச்சுட்டேன்னு சொல்லு."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டிவிடுங்கள், போதும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது.

"அது நான் இல்ல மாமா. பொணத்தைத் தூக்குன எட்டு பேர்ல நான் ஒருத்தன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்போலேருந்து?"

"நீங்க கை தட்டும்போதே."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம் தூக்குனீங்க?" என்னிடம் இல்லை, அவரிடமே கேட்டார்.

"இடது கால் பக்கம் மாமா. தரையோட வெளி ஓரம்."

"வெளி ஓரத்துல வேகம் ஜாஸ்தியாச்சே."

"அதுக்கே ஒரு மாசம் ஒத்திகை. ஒருத்தர் அடி தப்பினாலும் எட்டு பேரும் விழுந்துடுவோம்."

"விழாம என்ன? பாரம் ஒரு பக்கமா இழுக்குமே! ஆபீசர் எத்தனை கிலோ?"

"எண்பத்தி நாலு. சொல்லச் சொல்லக் கேக்காம கேக் திங்கிறான்."

அப்பா சிரித்தார். "பாருங்க மாப்பிள்ளை, தெரிஞ்சுகிட்டே என்னை முட்டாளாக்கிட்டா உங்க பொண்டாட்டி." இருவரும் பேசிக்கொண்டே கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். எங்கள் குளிர்க் கோட்டுகளையும் பையையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

அப்பா வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். கூடத்தில் ஒரு தட்டைச் சுழலவிட்டு, அதன் மேல் பொம்மைகளை நிறுத்திப் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் நான் எதற்காக ஏங்கினேனோ அது நடந்துகொண்டிருந்தது.

சமையலறையில் என் கணவர் எண்ணெய் தொட்ட பஞ்சால் கன்னத்துப் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லலேன்னா நீ சொல்லியிருப்பியா?"

"அப்பா அவ்வளவு சந்தோஷமா இருந்தாருங்க. அதான்..."

"அப்பாவை விடு. பொணம் தூக்குறவர்தான் என் வீட்டுக்காரர்னு காட்ட உனக்குக் கூச்சமா இருந்துச்சா?"

"மாப்பிள்ளை, இங்க கொஞ்சம் வாங்க!" கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்.

அவர் என் பதிலுக்காக ஒரு நிமிடம் நின்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. அவர் பஞ்சை என் கையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்.