உப்பு ஏறாத போர்வை

மைனஸ் பதினெட்டுப் பாகையில் ஒரு மாதம் கிடந்த மான்தோல், உறைபெட்டியிலிருந்து எடுத்தபோது உடம்புச் சூட்டில் இருந்தது. முதலாளி வெப்பமானியை வைத்துப் பார்த்தார், முப்பத்தேழு. பற்றரி பழுதென்று வேறொன்று வாங்கி வந்தார், அதிலும் முப்பத்தேழுதான். லைப்சிக்குக்கு வெளியே, வேட்டை விலங்குகளைப் பாடம் செய்யும் அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருடமாகத் தோல் பதப்படுத்திவரும் மன்னார்க்காரர் யோசேப்பு கத்தியைத் தீட்டினார். காதுகளை உறைபோல உட்புறம் திருப்பினார், உதட்டையும் இமையையும் பிளந்தார், கொழுப்பைச் சீவி உப்புத் தேய்த்தார். மறுநாள் உப்பு அத்தனையும் தண்ணீராகி மேசைக்குக் கீழே நின்றது. தோல் காயவில்லை. மூன்று தரம் தேய்த்தார். மூன்று தரமும் அதே கதை.

வேட்டைக்காரர்களின் ஜெர்மனில் மான்தோலுக்கும் கட்டில் போர்வைக்கும் ஒரே சொல்: டெக்க. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி டெக்க கொண்டுவரச் சொல்ல, யோசேப்பு காரிலிருந்த கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அந்தக் கூத்தை வீட்டில் சொல்லப்போய், மகன் எமில் பிடித்துக்கொண்டான். பல்கலைக்கழகம் போன பிறகும் மாலையில் கதவு திறந்ததும் கேட்பான்: “இண்டைக்கு எத்தினை போர்வை, அப்பா?”

இந்தத் தோலை எடுப்பதற்கு முந்தின மாதம், ஒக்டோபரில், பனிப்புகார் மூடிய ஒரு காலையில், எமிலின் காருக்குக் குறுக்கே மான் பாய்ந்தது. கார் மரத்தில் மோதி, பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டான். கால் முறிந்து காட்டுக்குள் ஓடிய மானை மூன்றாம் நாள் ஒரு வேட்டைக்காரர் சுட்டார். அடக்கம் முடிந்ததிலிருந்து தாய் ஞானமலருக்குக் குளிர் விடவில்லை. ஹீட்டரை உச்சமான ஐந்தில் வைத்து மூன்று சுவெட்டர் போட்டும் பல் கிடுகிடுத்தது. இரத்தத்தில் குறையில்லை என்றார்கள் டொக்டர்மார். பிள்ளை போன குளிர் இரத்தத்திலா தெரியும்.

தோலின் முன்னங்கால் கிழிசலையும், தோலோடு வந்த சீட்டில் விபத்து நடந்த தெருவின் பெயரையும் பார்த்தபோதுதான் அது எந்த மான் என்று யோசேப்புக்கு விளங்கியது. வெறுக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. பிறந்த அன்று கையில் வாங்கிய எமிலும் இதே சூட்டில்தான் இருந்தான். அமிலத் தொட்டியில் போட்டால் சூடு அடங்கிவிடும் என்றார் முதலாளி. யோசேப்பு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“வரச் சுணங்கும், ஞானம். ஒரு போர்வை சரிவருகுதில்லை. சூடாவே கிடக்கு.”

பழைய பகிடி அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“எனக்குக் குளிருது,” என்றாள். “அதைக் கொண்டு வாங்கோ.”

மறுநாள் தன் தோலைக் கேட்டு வந்த, மானைச் சுட்ட வேட்டைக்காரர் அதில் கையை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவேயில்லை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, தனக்குக் கொம்பு மட்டும் போதும் என்றார்.

போர்வை வீட்டுக்கு வந்து ஏழு வருடம். ஒவ்வொரு மே மாதமும் தோல் சாம்பல் மயிரை உதிர்த்துச் செம்மயிர் போடுகிறது. ஒக்டோபரில் மறுபடி சாம்பலாகித் தடிக்கிறது. உதிர்ந்ததை ஞானமலர் கூட்டியள்ளி எமிலின் தலையணை உறைக்குள் அடைத்துவைக்கிறாள். மாலையில் கதவு திறந்ததும் தோலுக்குள்ளிருந்து அவள்தான் கேட்கிறாள்: “இண்டைக்கு எத்தினை போர்வை?”

பட்டறைக்கு எத்தனை தோல் வந்திருந்தாலும், “ஒண்டுதான்,” என்கிறார் யோசேப்பு. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, விளிம்பைத் தூக்கித் தன் கால்களையும் உள்ளே நுழைத்துக்கொள்கிறார்.