ஒன்பதாவது வளைவில் கமாண்டர்

சேலத்திலிருந்து வந்த கோவிந்தராஜ் மாடி ஏறுவதற்கு முன்பே தன்னைக் 'கமாண்டர்' என்று அறிவிக்கச் சொல்லிவிட்டார். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. சேலத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அதோடு 'அகில தமிழக மின்னணுப் போர்க்கலைப் பேரவை'யின் தலைவர். பேரவையில் அவர், அவருடைய அக்கா மகன், அக்கா மகனின் சிநேகிதன் ஆகியோர் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை. மூவருக்கும் தோளில் நட்சத்திரம் வைத்துத் தைத்த பச்சைச் சட்டை. தலைவரின் சட்டையில் நட்சத்திரங்கள் அதிகம். தையற்காரர் துணியில் இடமில்லை என்று சொன்ன பிறகுதான் நிறுத்திக்கொண்டார்.

அது 1999, ஏற்காடு கோடை விழா. சண்டை பஸ் ஸ்டாண்டுக்கு மேலிருந்த மாடி அறைக்காக. அந்த அறையில் சாந்தாமேரி 'ஷெவராய் இன்டர்நேஷனல் கம்ப்யூட்டர் சென்டர்' நடத்தி வந்தாள். போர்டில் இருந்த இன்டர்நேஷனல் இதுவரை பக்கத்து ஊரான நாகலூரைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் எஸ்டேட் வேலை முடிந்து, கடைசி பஸ்ஸுக்குள் கொஞ்சம் டைப்பிங் படித்துவிட வேண்டும் என்று நாகலூரிலிருந்தும் கிளியூரிலிருந்தும் பெண்கள் ஓடி வருவார்கள். அதே அறையைத் தன் பேரவையின் மலைக் கிளைக்குக் கேட்டு கோவிந்தராஜும் விண்ணப்பம் போட்டிருந்தார். அறை போனால் சாந்தாமேரி கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். அந்தப் பெண்கள் அவ்வளவு தூரம் வர முடியாது.

விழாக் கமிட்டித் தலைவர் ஒரு ஹோட்டல் முதலாளி. இரண்டு விண்ணப்பங்களையும் படிப்பதற்குப் பதிலாக ஒரு போட்டி வைத்துவிட்டால் டூரிஸ்ட்டுகள் கூடுவார்கள், கூடினால் பஜ்ஜி தின்பார்கள் என்று அவருக்குப் பட்டது. போட்டியைக் கோவிந்தராஜே யோசித்துக் கொடுத்தார். அதே மாடி அறையில், கம்ப்யூட்டரில் டாங்கிச் சண்டை. பக்கத்துக்கு மூன்று பேர். ஜெயித்தவருக்கு அறை.

சாந்தாமேரியின் மாணவிகளை, அதிகாரிகள் பார்க்கிற கும்மிக்கு ஆள் போதவில்லை என்று கமிட்டியே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் காப்பி மூட்டை லாரி ஓட்டும் அங்கப்பன். இன்னொருவன் அந்த லாரியின் கிளீனர் நல்லமுத்து.

"பயப்படாதீங்க டீச்சர். ஸ்டியரிங் இருக்கிற எதையும் நான் ஓட்டிருவனுங்க" என்றார் அங்கப்பன், அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

"இதுல ஸ்டியரிங் இல்லீங்கண்ணா. அம்புக்குறிதான்."

அங்கப்பன் கீபோர்டைப் பார்த்தார். "அப்படின்னா அது வண்டியே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் உட்கார்ந்தார்.

திரையில் ஒரு மலை. அடியிலிருந்து உச்சிக்கு வளைந்து வளைந்து ஏறும் ஒரே பாதை. சேலத்துக்காரர்கள் கீழிருந்து ஏற வேண்டும். ஏற்காட்டுக்காரர்கள் மேலிருந்து இறங்க வேண்டும். குண்டு மேட்டைத் தாண்டியும் விழும், ஆனால் இடம் தெரிய வேண்டும். அவரவர் திரையில் அவரவர் டாங்கிக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். எதிரி எங்கே என்று கூட்டாளிதான் சொல்ல வேண்டும். எதிரியின் டாங்கி மூன்றையும் வீழ்த்தினால் ஒரு ஆட்டம். மூன்றில் இரண்டு ஜெயித்தால் போட்டி முடிந்தது.

முதல் ஆட்டம் தொடங்கியதும் நல்லமுத்து கத்தினான். "அண்ணோவ், வருது வருது! அதா அங்க!"

"எங்கடா?"

"அங்கதாங்கண்ணோ, அந்த மரத்துக்கிட்ட!"

மலை முழுக்க மரம். சாந்தாமேரி நாலு மரங்களைச் சுட்டாள்.

அதற்குள் அங்கப்பனின் திரையில் ஒரு பச்சை டாங்கி ஏறி வந்தது. அங்கப்பன் சுடவில்லை. பின்னால் எடுத்தார், ஓரமாக ஒதுங்கினார், நின்றார். பச்சை டாங்கி நிதானமாகப் பக்கத்தில் வந்து அவரைச் சுட்டது. அடுத்தடுத்து மற்ற இரண்டும் விழ, ஆட்டம் போயிற்று.

"ஏனுங்க அண்ணா, ஏன் ஒதுங்குனீங்க?"

அங்கப்பன் முகம் சிவந்தது. "ஏறி வர்ற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடோணுமில்லீங்க?"

கூட்டம் சிரித்தது. கமாண்டர் எழுந்து, "மலைவாசிகளின் விருந்தோம்பலுக்கு நன்றி" என்று மைக்கில் பேசினார். அக்கா மகன் கை தட்டினான். கைதட்டுவது அவனுடைய பொறுப்புகளில் ஒன்று.

சாந்தாமேரி சிரிக்கவில்லை. மாடிப் படியை ஒருமுறை பார்த்தாள். அந்தப் படிகளில்தான் கம்ப்யூட்டர்களை இறக்க வேண்டியிருக்கும். பிறகு நல்லமுத்துவின் பக்கம் திரும்பினாள். "ஏங்கண்ணு, லாரியில போறப்ப எதுக்க வண்டி வந்தா அண்ணங்கிட்ட எப்படிச் சொல்லுவ? 'அதா அங்க'ன்னா?"

"அப்படிச் சொன்னா ஒதைப்பாருங்க. எத்தனாவது வளைவுன்னு சொல்லுவனுங்க."

"இதுலயும் வளைவுதான இருக்குது?"

நல்லமுத்து திரையை உற்றுப் பார்த்தான். பதினாலு வளைவு. அடிவாரத்துப் பக்கம் இருப்பதுதான் முதலாவது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

இரண்டாவது ஆட்டம் அப்புறம் வேறு மாதிரிப் போனது. "நாலுல ஒண்ணு! முக்குது, ஏறல!" என்றான் நல்லமுத்து. சாந்தாமேரி நாலாவது வளைவில் குண்டைப் போட்டாள். "அஞ்சுல ரெண்டு, ஒட்டிக்கிட்டு வருது!" அஞ்சில் போட்டாள். ஒட்டிக்கொண்டு வந்தவை ஒட்டிக்கொண்டே எரிந்தன.

கமாண்டரின் படையில் அப்படி யாரும் கத்த முடியாது. எதிரியைக் கண்டால் கமாண்டருக்கு டைப் அடித்துத் தெரிவிக்க வேண்டும். அவர் பரிசீலித்து உத்தரவிடுவார். அக்கா மகன் 'மதிப்பிற்குரிய கமாண்டர் அவர்களுக்கு' என்பதை இங்கிலீஷில் அடித்து முடிக்கும்போது குண்டு வந்து சேர்ந்திருந்தது.

பஜ்ஜிக் கடையில் யாரும் இல்லை. எல்லோரும் மாடியில்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் கமாண்டர் கண்களைச் சுருக்கினார். "வளைவுக் கணக்கில் பேசுகிறார்கள். கண்டுபிடித்துவிட்டேன்" என்று தன் படைக்கு அறிவித்தார். கண்டுபிடித்தது உண்மைதான். ஆனால் அவர் மலை ஏறும்போதெல்லாம் காரில் கண்ணை இறுக மூடி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவர். முதல் வளைவு கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதைப் பார்த்ததே இல்லை. உயர்ந்த இடத்திலிருந்துதான் எதையும் எண்ணுவார்கள் என்று முடிவு செய்துகொண்டார்.

"ஆறுல ஒண்ணு நிக்குதுங்கோ!" என்றான் நல்லமுத்து.

"மாமா, நான்தான்..." என்று அக்கா மகன் வாயைத் திறந்தான்.

"மாமா இல்லை, கமாண்டர். அவர்கள் சொல்வது உச்சியிலிருந்து எண்ணி ஆறாவது. நீ இருக்கும் இடம் வேறு. அசையாதே."

அவன் அசையவில்லை. குண்டும் குறி தப்பவில்லை. சிநேகிதன் உத்தரவுக்குக் காத்திருந்தே ஏழில் எரிந்தான்.

மிஞ்சியது கமாண்டரின் டாங்கி ஒன்று. ஆனால் அவர் ஒன்றும் சும்மா விடவில்லை. ஏறும் வழியில் நல்லமுத்துவைச் சுட்டுத் தள்ளினார். செத்தவன் பேசக்கூடாது என்பது விதி. நல்லமுத்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். சாந்தாமேரி பத்தாவது வளைவுக்கு மேலே, ஒன்றும் தெரியாமல் நின்றாள். இனி அவளுக்குக் கண் அங்கப்பன்தான்.

அங்கப்பன் ஒன்பதில் இருந்தார். அவர் திரையில் பச்சை டாங்கி தலை நீட்டியது.

அங்கப்பன் பின்னால் எடுத்தார். ஓரமாக ஒதுங்கினார். நின்றார்.

அறை முழுக்க "அய்யய்யோ" என்றது. கமாண்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாருங்கள்! மறுபடியும் வழி விடுகிறார்!" என்று மைக்கைத் தேடினார். மைக்கைப் பிடித்த கை கீபோர்டை விட்டது. டாங்கி பாதையின் நடுவில் கம்பீரமாக நின்றது.

"ஒம்போதுல நடுவுல நிக்குதுங்க டீச்சர்" என்றார் அங்கப்பன், கடையில் டீ சொல்வதுபோல. "நான் ஒதுங்கிட்டனுங்க. நீங்க போடலாம்."

சாந்தாமேரி போட்டாள்.

கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கீழே நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். கமிட்டித் தலைவர் அறைச் சாவியைச் சாந்தாமேரியிடம் நீட்டி, இந்த முடிவைத்தான் முதலிலிருந்தே தான் எதிர்பார்த்ததாகப் பேசினார். கும்மி உடையில் ஓடி வந்த மாணவிகள் அவளைச் சுற்றிக் கும்மியே அடித்துவிட்டார்கள். கமிட்டி ஏற்பாடு செய்த கும்மியைவிட அது நன்றாக இருந்தது.

"வேணும்னேதான ஒதுங்குனீங்க அண்ணா?"

"பின்னெ என்னங்க? எல்லாம் ஒரு திட்டந்தாங்க" என்றார் அங்கப்பன், மீசையைத் தடவியபடி. மேசைக்கு அடியில் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதிமிதியென்று மிதித்ததை நல்லமுத்து பார்த்திருந்தான். ஆனால் அவன் இன்னும் செத்தவன், பேசவில்லை.

மறுநாள் காலை அங்கப்பனின் லாரி அடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. நல்லமுத்து தலையை வெளியே நீட்டினான். "அண்ணோவ், ஒம்போதுல ஒரு கார் எறங்குது!"

காருக்குள் பச்சைச் சட்டை கண்ணை மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்தது. கார் பின்னால் போய், ஓரமாக ஒதுங்கி, நின்றது.

"ஏன்யா நிறுத்தின?" என்றார் கமாண்டர், கண்ணைத் திறக்காமலே.

"ஏறி வர்ற வண்டிக்கு வழி விடோணுமில்லீங்க" என்றார் டிரைவர்.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஏறிப் போனது. வழக்கத்தைவிட நீளமான ஹாரன்.