கடைசி அறையின் குளிர்

கடைசி அறையின் தரையில் அண்ணி குப்புறப் படுத்து, நனைத்த கையைக் கதவின் அடியில் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள். டீயோடு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஈரக் கையில காத்து பட்டா உடனே தெரியும். உள்ள வந்து கதவை மூடு," என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல்.

விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கிற வேலை அண்ணிக்கு. எதை எங்கே ஒளித்து வைத்தாலும் தோண்டி எடுத்துவிடுவாள் என்று அண்ணன் பெருமையும் பயமுமாகச் சொல்வதுண்டு. அந்தக் கண் இப்போது ஓர் அறையின் மேல் விழுந்திருந்தது.

கல்யாணம் முறிந்து, குளிர்காலத் தொடக்கத்தில்தான் தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காலியாக இருந்தது அந்த ஒரே அறை. கொஞ்சம் குளிரும், சமாளிச்சுக்கோ என்று அண்ணன் தலையைச் சொறிந்தான். வீடெல்லாம் கதகதப்பாக இருக்க, அந்த அறைக்குள் மட்டும் ஃப்ரிட்ஜுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஹீட்டர் அது பாட்டுக்கு எரிந்தது, குளிர் அது பாட்டுக்கு இருந்தது. ஒண்ட வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாதென்று அவள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். ஒருநாள் காலைச் சாப்பாட்டில் விரல் விறைத்துப்போய்க் கரண்டி நழுவி விழுந்தது. அண்ணி பார்த்தாள். நேராக அந்த அறைக்குப் போய்க் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மூக்கைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சமையலறையில் அண்ணன் சொன்னது கூடத்தில் இருந்த தங்கைக்குக் கேட்டது. வீடு வாங்கினபோதே அந்த அறை அப்படித்தான், எப்படியும் கோடைக்குள் அவளுக்கு வேலை கிடைத்துத் தனியாகப் போய்விடுவாள், இப்போது எதற்கு வீண் வேலை என்றான்.

"அவ போறதைப் பத்தி யாருங்க பேசினா? நான் அவ இருக்கறதைப் பத்திப் பேசறேன்," என்றாள் அண்ணி.

அதன் பிறகு அவளுடைய விடுமுறை நாளெல்லாம் அந்த அறைக்கே போயிற்று. கதவடியில் துணியைச் சுருட்டித் தைத்து வைத்தாள். ஜன்னலைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினாள். கனத்த திரை மாட்டினாள். ஒவ்வொன்றும் முடிந்ததும், இப்ப எப்படி என்று கேட்பாள். பரவாயில்ல அண்ணி என்று பதில் வரும். திரை மாட்டிய அன்று அண்ணி ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் எதிரே வந்து நின்றாள்.

"பெட்டியைத் திறக்கச் சொன்னா, ஒண்ணுமில்லன்னு சிரிப்பாங்க பாரு, அந்தச் சிரிப்பு இது. நேராச் சொல்லு. குளிருதா, இல்லையா?"

"குளிருது அண்ணி. அலமாரியைத் திறந்தா இன்னும் மோசம். துணியெல்லாம் காயாத மாதிரி ஜில்லுன்னு இருக்கு."

நல்ல சேதி கேட்டவள் போல அண்ணியின் முகம் மலர்ந்தது. சுவரோடு பதித்த அலமாரியை இருவருமாகக் காலி செய்தார்கள். பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றியதும் நைந்துபோன அட்டை ஒன்று தெரிந்தது. அண்ணி அதைப் பிய்த்தாள். பின்னால் சுவரில் ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த அறை எப்போதோ சமையலறையாக இருந்திருக்கிறது, புகைக்குழாயை எடுத்தவர்கள் ஓட்டையை அடைக்காமல் போயிருக்கிறார்கள். அண்ணி அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தெருவே உள்ள வந்து உன்கூடப் படுத்திருக்கு. நீயும் இடம் விட்டுட்டு ஓரமாப் படுத்திருக்கே."

அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கன்னம் நனைந்திருந்தது. அண்ணி கவனிக்காத மாதிரி சிமெண்ட் குழைக்கப் போனாள்.

சிமெண்ட் வேலை அவளுக்குத் தெரியாது. முதலில் வைத்ததெல்லாம் பொத்தென்று விழுந்தது. கொஞ்சமும் அசராமல் சுரண்டி எடுத்துவிட்டு, செங்கல் துண்டுகளை இறுக்கிச் செருகி மறுபடி பூசினாள். அண்ணன் வந்து, நான் செய்யட்டுமா என்றான். விளக்கைப் பிடிங்க, போதும் என்றாள். நெற்றியில் சிமெண்டும் முடியில் ஒட்டடையுமாக நின்றவளைத் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்படி ஒருத்தி தன் பக்கம் இருக்கிறாள் என்பது அவளுக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள் தங்கை குளித்துவிட்டு வந்தபோது, கதகதப்பாகிவிட்டிருந்த அந்த அறையில் அண்ணன் அவளுடைய நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து வந்த அண்ணி சீருடைகூட மாற்றாமல் கட்டில் முழுக்கக் கிடந்தாள். உட்கார இடமில்லை. ஈரத் தலையோடு அவள் வாசலில் நின்றாள். அண்ணி கண்ணைத் திறக்காமலே காலை மடக்கிக்கொண்டாள்.