செவிச் சோதனை

லாலாகுடா ரயில் பட்டறையில், உலகநாதன் முப்பத்தோராண்டுகள் கொதிகலனுக்குள் குந்தியிருந்து, வெளியிலிருந்து அறையப்படும் ஆணிகளுக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்தவர். அவ்வேலை செய்வோர்க்கு நாளடைவில் செவி மந்தமாகிவிடும். ஆகவே அவர்கள் கைச்சாடையாலும் உதட்டசைவாலுமே பேசிக்கொள்வார்கள். பட்டறைக்குள் அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. வைத்தியச் சோதனையில்தான் தெரியும். தேறாவிட்டால் ஐம்பத்தைந்து வயதுவரை காத்திராமல் உடனே ஓய்வு. குடியிருக்கும் ரயில்வே வீட்டையும் ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். உலகநாதனுக்கு அந்த 1936ஆம் ஆண்டில் ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது.

அந்தச் சோதனைக்காக ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றிருந்தார்.

"ஏன்டா மாப்ளே, இப்படி நடுங்குறே? பொண்ணு பாக்கவா வந்திருக்கே?" என்று உதடுகளை அகல விரித்துச் சொன்னார் கூட்டாளி தேவசகாயம். "டாக்டர் உன் முதுகுக்குப் பின்னால நின்னு நம்பர் சொல்வாரு. நான் ஜன்னலுக்கு வெளியே நின்னு அவர் வாயைப் பாத்து விரல் காட்டுறேன். நீ சொல்லிடு."

"பியூன் வெரட்டினா?"

"பயமே நக்கோ, வேணவே வேணாம்! அவன் பீடி குடிக்கப் போயிட்டான்."

உள்ளே டாக்டர் பத்மநாபன், உலகநாதனை ஜன்னலைப் பார்த்தவாறு நிறுத்திவிட்டுப் பின்னால் சென்றார். ஜன்னலில் நான்கு விரல்கள் எழுந்தன.

"நாலுங்க!"

பிறகு ஏழு. அதையும் சொன்னார். அடுத்த கணம் காக்கிச் சட்டைக் கையொன்று தேவசகாயத்தின் தோளைப் பற்றி இழுத்தது. ஜன்னல் வெறுமையாயிற்று.

 பின்னால் நிற்பவர் பேசினாரா, இல்லையா? வாய் திறந்தாலும் ஆபத்து, திறவாவிட்டாலும் ஆபத்து. காலையில் மனைவி கனகவல்லி பூசிவிட்ட திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் அஞ்சினார்.

"அஞ்சுங்க" என்றார் குத்துமதிப்பாக. ஒன்றும் நிகழவில்லை. "ஒம்போதுங்களா?"

டாக்டர் சுற்றி வந்து எதிரே நின்றார். அவர் முகத்தில் கோபமில்லை. அதுவே உலகநாதனை இன்னும் அச்சுறுத்தியது. உதடு தெரியும்படி நிதானமாகப் பேசினார்: "ஏழுக்கு அப்புறம் நான் நம்பரே சொல்லலை, உலகநாதன். 'உக்காருங்க'ன்னு மூணு தடவை சொன்னேன்."

பிறகு மேஜைக்குப் போய், தாளின்மேல் குனிந்து எழுதலானார்.

"வீட்டை என்னிக்குங்க காலி பண்ணணும்?"

அது பட்டறைக் கூச்சலாக வெளிப்பட்டது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் தாடை அசைந்தது. விடை சொல்கிறார், ஆனால் தலை நிமிரவில்லை, உதடுகள் தெரியவில்லை. உலகநாதன் மேஜையருகே மண்டியிட்டு, அந்த முகத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார்.