ஒற்றைப்படைப் பெட்டிகள்

அண்ணனும் தங்கையும் ஒரே கணிதத் துறையில் வேலை பார்த்தார்கள். அண்ணன்தான் தலைவர். நான்கு பரிமாண உருவம் ஒன்றை முழுக்கக் கனசதுரப் பெட்டிகளே மூடியிருந்தால், பெட்டிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும் என்று நிறுவிப் பெயர் வாங்கியவர். பெட்டிகளை நடுவில் வெட்டிக்கொண்டே போனால் வெட்டுகள் சேர்ந்து தாள்களாகும்; ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் மூன்று வெட்டுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும். எந்தத் தாளுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார். தங்கைக்கு அந்த வரி உறுத்தியது. ஒரே பக்கமுள்ள தாளிலிருந்து ஓர் உருவத்தைக் கட்டினாள். பெட்டிகள் ஒற்றைப்படையில் வந்தன.

மதியம் அவர் அறையில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாள். கேட்டு முடித்ததும் அவர் கதவைத் தாழிட்டார். வேறு யாருக்குத் தெரியும் என்றார். ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன் என்றாள்.

"உன்னப் படிக்க வெச்சதே நான்."

"அதனால தப்பு சரியாயிடுமாண்ணே?"

கன்னத்தில் விழுந்த முதல் அடியில் அவளுக்குக் காது அடைத்துப்போனது. முடியைப் பிடித்துக் கரும்பலகையில் மோதினார். நெற்றி கிழிந்து ரத்தம் படத்தின் மேல் வழிந்தது. இரும்புக் கம்பிகளால் செய்து மேசையில் வைத்திருந்த உருவ மாதிரியை எடுத்து ஓங்கினார். தடுத்த அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. ஒரு கணம் அவரே திகைத்து நின்றார்.

அந்தக் கணத்தில், மாதிரியிலிருந்து தெறித்து விழுந்த கம்பி ஒன்றை அவள் இடது கையால் எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். கண்ணுக்குக் கீழே கன்னம் பிளந்தது. அவர் சரிந்தார். விழுந்தவரை மறுபடி அடித்தாள். மூன்றாவதாக ஓங்கியபோது அலுவலக உதவியாளர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"போதும் மேடம். விடுங்க."

ஒரே ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். அவர் வீங்கிய உதட்டோடு முனகினார்.

"அம்மாகிட்ட மாடிப்படில விழுந்துட்டோம்னு சொல்லிடு."

"ரெண்டு பேருமா?"

போலீஸிடம் அவள் எதையும் மறைக்கவில்லை, கீழே கிடந்தவரை அடித்ததையும் சேர்த்தே சொன்னாள். இருவரையும் பணியிடை நீக்கம் செய்தார்கள். அம்மா இருவரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று நீதிமன்ற வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

"அந்தத் தாள் மூணு அடுக்கா தன்னையே வெட்டிக்கிற புள்ளி ஒண்ணுதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். அதான் ஒத்தப்படை."

பெஞ்சின் மேல் விரலால் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தவர், சரிதான் என்று தலையசைத்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார அவளுக்கு ஆசையாக இருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தாள்.