ஒரு ஸ்பூன் ஒயின்

பணம் திரட்டக் கேக் செய்து விற்கலாம் என்று ஒரு அம்மா சொன்னதும் அறையில் எல்லோரும் அவரையே பார்த்தோம். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் ஏழு பேருக்கு விழுங்க வராது. மூளையில் அடைப்பு வந்தவர்கள், தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், என் கணவரைப் போல வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகப் பால் நிறத்தில் ஒரு சத்து நீரை இறக்கிக்கொள்கிறவர்கள். மற்ற ஏழு பேர் அவர்களைக் கூட்டிவந்தவர்கள். சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த அவருடைய வீட்டுக்காரர், ஏழு பேரில் ஒருவர், தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது எச்சில் தப்பாக இறங்கிவிடுமோ என்று நாங்கள் ஏழு பேரும் அவரவர் ஆளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டோம்.

கூட்டத்தைக் கூட்டியது டீச்சர். ஆஸ்பத்திரியில் அவருடைய வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. விழுங்கச் சொல்லித்தருகிறவர் என்பதால் எங்களுக்கு அவர் டீச்சர். மூக்கு வழியாக உள்ளே விட்டுத் தொண்டையைத் திரையில் காட்டும் மெல்லிய கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. யாருக்கு எது ஒழுங்காக இறங்குகிறது, எது வழி தவறி நுரையீரலுக்குப் போகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அது இன்னொரு ஆஸ்பத்திரியிடம் இரவல் வாங்கியது. இன்னும் இரண்டு மாதத்தில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது போய்விட்டால் வேறு ஊரில் பெயர் பதிந்துவிட்டு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்க ஆஸ்பத்திரி பாதி தருவதாகச் சொல்லியிருந்தது. மீதியை நாங்கள் திரட்ட வேண்டும்.

"ஒயின் வச்சுக்கலாமே" என்றார், எங்களோடு வந்து சுவரோரம் நின்றிருந்த என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர். எந்தக் கூட்டமானாலும் கடைசியில் தலைமை தாங்கிவிடுகிற ரகம். "எங்க ஆபீஸ்ல ஒரு தடவ நடத்துனாங்க. ஆளுக்கு ஆறு கிளாஸ். ஒவ்வொண்ணா மோந்து பாத்து, வாயில வச்சுச் சுவச்சு, வாளியில துப்பிடணும். டிக்கெட்டுக்கு அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க."

டீச்சர் பேனாவை மேசையில் வைத்தார். "நான் இங்க முழுங்கச் சொல்லிக் குடுத்தே உயிர விட்டுக்கிட்டிருக்கேன். அங்க காசு குடுத்துத் துப்புறாங்களா?"

என் கணவர் இடது கையைத் தூக்கினார். மூளையில் அடைப்பு வந்ததிலிருந்து அவருக்கு வலது கை வராது, ஒரு வாக்கியம் வெளியே வரவும் நேரம் ஆகும். எல்லோரும் காத்திருந்தோம். "துப்புறதுக்கு... நான்... ரெடி" என்றார். அதோடு முடிவாகிவிட்டது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "உங்க முன்னாடி அத்தன பேர் குடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஏக்கமா இருக்காதா உங்களுக்கு?"

அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "நீ... தினம் ஒளிஞ்சு சாப்பிடுற. அதவிடவா?"

எட்டு மாதமாக நான் துணி காயப்போடும் பால்கனியில் நின்றுகொண்டு, கதவைச் சாத்திவிட்டு, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாளிக்கும் வாசனை வராமல் இருக்க வேகவைத்ததையே சாப்பிட்டேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் வெங்காயம் நறுக்கி, எண்ணெய் காயவைத்து, எனக்குப் பிடித்த மாதிரி சமைத்து, தட்டோடு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தேன். முதல் வாய் இறங்கவில்லை. "உப்பு... சரியா இருக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அழுதுகொண்டே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஒயின் கேட்டுப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நான்கு கடை தள்ளி ஒயின் கடை. அந்தக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் மூக்கர் என்றுதான் சொல்வார்கள். மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே எந்தப் பாட்டில் என்று சொல்லிவிடுவாராம். மதிய இடைவேளையில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நன்கொடைன்னு வாரத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்கம்மா" என்றார், அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டே. "எல்லாருக்கும் குடுத்தா நான் கடைய மூட வேண்டியதுதான்."

சரிதான் என்று திரும்பியிருப்பேன். கதவு வரை போனவள், என்னவோ, என் கணவர் யார் என்றாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார், இருபத்திரண்டு வருஷம், இந்த வட்டாரத்து லிஃப்ட் முழுக்க அவர் பார்த்ததுதான் என்றேன்.

கிழிக்கிற சத்தம் நின்றது. "அந்த எட்டு மாடிக் கட்டடமும் அவர்தானா?"

"ஆமா."

மூக்கர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் கரண்ட் போய் மாட்டிக்கொண்டாராம். ஒன்றரை மணி நேரம். கும்மிருட்டு. மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருக்கிறார். அப்போது கதவுக்கு வெளியே ஒரு குரல். "சார், பயப்படாதீங்க. லிஃப்ட் எங்கயும் போயிடாது. அதுதான உங்க பிரச்சினையே." அந்த நிலையிலும் சிரித்துவிட்டாராம். அதற்குப் பிறகு அந்தக் குரல் நிறுத்தவே இல்லை. ஒரு பக்கம் சுத்தியலும் ஸ்பேனரும், இன்னொரு பக்கம் பேச்சு. மாமியார் கதை, மாட்டிக்கொண்ட மற்றவர்கள் கதை.

"கதவு திறந்ததும் நான் ஓடியே போயிட்டேம்மா. ஒரு தேங்க்ஸ் சொல்லல. முகங்கூடப் பாக்கல. குரல் மட்டும் இன்னும் காதுல இருக்கு."

"அந்தக் குரல் இப்ப இல்லைங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன வாங்கிக்கொண்டு வருவது என்று தெரியாமல் ஒரு பூச்செடித் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் தொட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என் கணவர்தான் ஆரம்பித்தார். சொல் சொல்லாக, வழுக்குகிற குரலில். "லிஃப்ட்... இப்ப... ஒழுங்கா ஓடுதா?"

"யாருக்குத் தெரியும்? நான் அன்னிலேருந்து படிதான்" என்றார் மூக்கர். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஆறு வகை ஒயினும் தன் பொறுப்பு, பேசி நடத்துவதும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த ஒன்றரை மாதம் வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது. நூலகத்தின் மாடிக் கூடத்தைச் சனிக்கிழமை மதியத்துக்குப் பேசினோம். டிக்கெட்டுகளை நான் கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர்களிடம் விற்றேன். புதுக் கண்ணாடி போட்டு முதன்முதலாகத் தெளிவாகப் படிக்கிற எழுத்து இதுவாக இருக்கட்டும் என்று டிக்கெட்டையே நீட்டுவேன். மறுத்தவர்கள் குறைவு. துப்புகிற வாளி ஸ்டீலில்தான் இருக்க வேண்டும் என்று மூக்கரும், பிளாஸ்டிக் போதும் என்று நாத்தனாரும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். நடுவில் நான் தபால்காரி வேலை பார்த்தேன். மூக்கரின் சட்டங்கள் வேறு. வெள்ளை ஒயின் முதலில், சிவப்பு பிறகு. கிளாஸைக் காம்பில் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் வெறும் ரொட்டித் துண்டு. எனக்கும் மோந்து பார்க்கப் பாடம் நடந்தது. "என்ன வாசனை வருது?" என்று கேட்டார் மூக்கர். "திராட்சை வாசனை" என்றேன். "அதத் தவிர வேற எத வேணாலும் சொல்லும்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் இருக்கும்போது அது நடந்தது. வேலை முடிந்து வந்து பார்த்தால் அவர் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார். சட்டையின் முன்பக்கம் ஈரம். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து, இடது கையில் ஏந்தி, மதியம் தண்ணீர் குடித்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது, நான்கு நாள் ஆக்ஸிஜன்.

"ஏங்க, எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி சத்தம்... கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

ஒயினும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நாத்தனாருக்குப் போன் செய்தேன். "டிக்கெட் வாங்குனவங்கள நான் பாத்துக்கறேன், நீ தம்பியப் பாரு" என்று மட்டும் சொன்னார். எப்போதும் பத்துச் சொல்கிறவர் ஒன்றே சொன்னதில் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. ஐந்தாம் நாள் டீச்சர் அந்தக் கேமராவைத் தள்ளிக்கொண்டு வார்டுக்கே வந்தார். திருப்பி அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. "கோவிச்சுக்காம ஒரு தடவ பாருங்க" என்று என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

இளஞ்சிவப்பாக ஒரு குகை. முன்னால் மூச்சுக்கு ஒரு வாசல், பின்னால் சாப்பாட்டுக்கு ஒரு வாசல். பச்சை நிறம் கலந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டார்கள். அது முன்வாசலுக்குள் விறுவிறுவென்று ஓடியது. அவர் இருமினார். உறிஞ்சி எடுத்தார்கள். அடுத்தது அதே பச்சை, ஒரு பவுடரைக் கலந்து ஜாம் மாதிரி கெட்டியாக்கியது, கால் ஸ்பூன். அது தயங்கி நின்றது.  அவர் தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். திரை ஒரு கணம் வெள்ளையானது. மறுபடி தெளிந்தபோது பச்சை முழுவதும் பின்வாசலில் இறங்கியிருந்தது. முன்வாசலில் ஒரு துளி இல்லை. இன்னொரு முறை. அப்போதும் இல்லை.

"தண்ணிதான் எதிரி. கெட்டியா இருந்தா வழி தெரிஞ்சு போகுது" என்றார் டீச்சர். "ஒன்பது மாசமாத் தாடையத் தாழ்த்தித் தாழ்த்திப் பழகுனாரே, அது எங்கயும் போகல." நான் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவேண்டும் என்பது ரொம்ப நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு டிக்கெட்டைக்கூட ரத்து செய்திருக்கவில்லை.

சனிக்கிழமை நூற்றிருபது பேர் வந்தார்கள். என் கடைக்கு வந்தவர்களை எல்லாம் மூக்கின் மேலிருந்த ஃபிரேமை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். டீச்சரின் வகுப்பு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த என் கணவரும் அதில். மூக்கர் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து வெளுத்து வாங்கினார். ஒன்றில் ஈரக் கல்லின் வாசனை என்றார், ஒன்றில் பழைய தோல் பை, ஒன்றில் மழைக்கு முந்தின காற்று. ஜனங்கள் கண்ணை மூடி மூடித் தலையாட்டினார்கள். துப்பச் சொன்னபோது பாதிப் பேர் துப்பாமல் ஏமாற்றினார்கள். நாத்தனார் வாளியும் கையுமாக வரிசை வரிசையாகப் போனார். அந்த வாளி ஸ்டீல்.

ஆறாவது பாட்டிலைத் திறந்தபோது டீச்சர் எழுந்து கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். காலையிலேயே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தாராம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. மூக்கர் ஒரு கிளாஸில் அடி மறையும் அளவுக்குச் சிவப்பு ஒயினை ஊற்ற, டீச்சர் அதில் பவுடரைத் தூவிக் கிண்டினார். மூக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த ஒயின இப்படிப் பண்ணுனதுக்கு நான் எந்தச் சாமிகிட்ட மன்னிப்புக் கேக்குறது டீச்சர்?"

"முழுங்கப் போற சாமி இங்க உக்காந்திருக்காரு, அவர்கிட்டக் கேளுங்க" என்றார் டீச்சர்.

கூடம் சிரித்து, பிறகு தானாகவே அடங்கியது. டீச்சர் இரண்டு விரலை என் கணவரின் தொண்டைமேல் வைத்தார். கால் ஸ்பூன். "குனிங்க. முழுங்குங்க. இன்னொரு தடவ முழுங்குங்க." தொண்டைமணி ஏறி இறங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. "ஆ சொல்லுங்க."

"ஆ" என்றார். ஈரமில்லாத, தெளிவான ஆ; ஒரு சொட்டும் வழி தவறவில்லை. அப்படியே நான்கு முறை, ஒரு ஸ்பூன் அளவு முடியும்வரை.

மூக்கர் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "எப்படி இருக்கு? என்ன தெரியுது?"

என் கணவர் நாக்கால் உதட்டைத் தடவி நிதானமாக யோசித்தார். நூற்றிருபது பேர் காத்திருந்தார்கள்.

"திராட்சை" என்றார்.

கைதட்டல் ஓய நேரமாகியது. யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று யார் முகத்தைப் பார்த்தாலும் சொல்லவேண்டும் போல இருந்தது. நாற்காலி மடக்க வந்த ஆளிடம்கூட இரண்டு தடவை சொன்னேன். அவர் தப்பாக எதையோ தூக்கிவிட்டோம் போல என்று திரும்ப இறக்கி வைத்தார். கேமராவுக்குத் தேவையானது சேர்ந்துவிட்டது என்று நாத்தனார் மைக்கில் சொன்னபோது அவருக்கே குரல் உடைந்தது. என் கணவர் இனி எப்போது ஒரு தட்டுச் சாப்பாடு சாப்பிடுவார், சாப்பிடுவாரா என்று டீச்சரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு, வெயில் இன்னும் இருந்தது. கூடத்தின் பின்னால் இருந்த சிறிய அறையில் வாடகைக் கிளாஸ்களைக் கழுவினோம். டீச்சர் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோப்புப் போட்டார், நாத்தனார் அலசினார், நான் துடைத்தேன். மூக்கர் பெட்டியில் அடுக்கினார். என் கணவரின் நாற்காலியை ஜன்னலோரமாகப் போட்டிருந்தோம். துடைத்த ஒவ்வொன்றையும் இடது கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, கறை இருந்தால் என்னிடமே திருப்பி நீட்டினார். அதில் தயவு தாட்சண்யமே இல்லை. ஒரு கிளாஸை மட்டும் தூக்கியவர் இறக்கவில்லை. கறையா என்று கேட்டேன்.  குனிந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கீழே தெரு முழுவதும் கண்ணாடியின் வளைவில் வளைந்து கிடந்தது. ஒரு பஸ் அதன் ஓரத்தில் நுழைந்து, நீண்டு, மெலிந்து, மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.